கார்த்திகைப்பூவும் வெசாக் ஓர்க்கிட்டும் ஒண்டில்லை

வேலிக்கரையில தானா முளைச்ச கார்த்திகைப்பூவையும், இரத்தினபுரிக் காட்டில கழட்டிக்கொண்டு வாறன் எண்டு உங்கட மச்சான் சொல்லுற வெசாக் ஓர்க்கிட்டையும் வளவில வைச்சுக் காப்பாத்தலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். முதலாவதுக்கு ஓம். மற்றது வேண்டாம்.

கார்த்திகைப்பூ ஆபிரிக்கா தொடக்கம் ஆசியா வரை பரந்து கிடக்கு. அருகிவாற உயிரினங்களைக் கணக்கெடுக்கிற உலகச் செம்பட்டியலில 'குறைந்த கவலை' வகைதான், அதாவது இப்போதைக்கு அழியிற பயமில்லை. மாரி மழையோட முளைச்சுப் பூத்து, பிறகு கொடி பட்டுப்போகும். கிழங்கு மண்ணுக்குள்ள உயிரோட இருக்கும், செத்துப்போச்செண்டு கொத்தி எறிஞ்சுபோடாதேங்கோ. ஆனா முழுச்செடியிலும் கொல்கிசின் நஞ்சு, கிழங்கில இன்னும் கூட. வள்ளிக்கிழங்கெண்டு நினைச்சு அவிச்சுத் திண்டு செத்த ஆக்களும் இருக்கினம். சின்னப்பிள்ளையள், ஆடு மாடு இருந்தால் சுத்தி அடைச்சுவிடுங்கோ.

ஓர்க்கிட் கதை வேற. அது இலங்கைக்கு மட்டுமே உரியது; அதுவும் தென்மேற்கு ஈரவலயத் தாழ்நிலக் காட்டு மரங்களில. காடு சுருங்கினதும், வெசாக் நேரம் பூக்கிற அழகுக்காக ஆக்கள் பிடுங்கினதும் அதை அருக வைச்சிட்டுது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட செடி, மச்சானுக்குத்தான் வழக்கு வரும். செடி இங்க வந்து சேர்ந்தாலும் எங்கட ஆடிக் காத்துக்கு நிக்குமெண்டு நான் நம்பேல்லை. ஆசையெண்டால் நாற்றுமேடையில பெருக்கின டென்ட்ரோபியம் எண்ட ஓர்க்கிட் கலப்பினம் ஒண்டை வாங்கி, தேங்காய்ப் பொச்சில கட்டி நிழலில தூக்கிவிடுங்கோ.