பழைய கேம்பாய் கேசட்டுக்குள் சம்பந்தமில்லாத எழுத்துகள்: வைரஸா?

கேள்வி: வளைகுடாவில் வேலை பார்த்த மாமா 90களில் வாங்கி வந்த கேம்பாயும் (நின்டெண்டோவின் கையடக்க வீடியோ கேம் கருவி) சில விளையாட்டுக் கேசட்டுகளும் குளச்சலில் எங்கள் வீட்டுப் பரணில் கிடந்தன. கேசட் ரீடர் ஒன்று வாங்கி, கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஒரு ரோம் ஃபைலை (கேசட்டில் இருப்பதன் நகல்) பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்தால், கடைசிப் பகுதியில் விளையாட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஃபைல் பெயர்கள், பாதியில் அறுந்த புரோகிராம் வரிகள். இது வைரஸா? கேசட் கெட்டுவிட்டதா? அழித்துவிடலாமா? இதனால் விலை ஏதும் கூடுமா?

பதில்: வைரஸ் பயம் வேண்டாம். அசல் கேசட்டில் இருப்பது மாஸ்க் ரோம். சிப் தயாராகும்போதே உள்ளடக்கம் பதிந்துவிடும். அப்புறம் ஒரு பைட்டைக்கூட யாராலும் மாற்ற முடியாது.

ஆனால் நீங்கள் பார்த்தது நிஜமாகவே சிப்பில் இருப்பதுதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். நம் கடற்காற்றில் பரணில் கிடந்த கேசட் என்றால் பின்களில் பச்சை பூத்திருக்க வாய்ப்பு அதிகம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நமக்கு உண்டு, ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும்? மொபைல் சர்வீஸ் கடைகளில் போர்டு துடைக்க வைத்திருப்பார்களே, அந்த ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) கொஞ்சம் காட்டன் பட்ஸில் தொட்டுத் துடைத்துக் காயவிடுங்கள். உப்புத்தாள் மட்டும் வேண்டாம், மேல்பூச்சு போய்விடும்.

பிறகு இரண்டு முறை படித்து, இரண்டு ஃபைல்களின் எஸ்ஹெச்ஏ-1 (ஃபைலின் கைரேகை மாதிரி, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் எண்) ஒன்றாக வருகிறதா பாருங்கள். வேறு வேறாக வந்தால் பின் இன்னும் சரியாகத் தொடவில்லை. ஒன்றாகவே வந்து, ஃபைலின் முதல் பாதி அப்படியே இரண்டாம் பாதியிலும் இருந்தால், ரீடரில் சிப் அளவைக் கூடுதலாகக் கொடுத்திருப்பீர்கள், இல்லையென்றால் ஏதோ ஒரு அட்ரஸ் பின்னில் கோளாறு. எப்படியும் அழுக்குப் பின் ஒழுங்கான ஃபைல் பெயரை உண்டாக்காது. அதனால் உங்கள் கேசட்டில் இருப்பது தயாரிப்பின்போது உள்ளே தங்கிவிட்ட நிஜமான மிச்சம்தான் என்பது என் கணிப்பு.

அது எப்படி உள்ளே போனது? சிப்புகள் 32, 64, 128, 256 கிலோபைட் என்று இரட்டித்துக்கொண்டே போகும் அளவுகளில் வரும். விளையாட்டு 200 கிலோபைட் என்றாலும் 256 கிலோபைட் சிப்பில்தான் போட்டாக வேண்டும். மீதி 56 கிலோபைட்டை 00 அல்லது எஃப்எஃப் போட்டு நிரப்புவது முறை. ஆனால் ரோமைத் தொகுக்கும் மென்பொருள் தனக்குக் கிடைத்த மெமரியைத் துடைக்காமலே எழுதிவிட்டால், அந்தக் கம்ப்யூட்டரில் அதற்கு முன் கிடந்ததெல்லாம் கூடவே போய்விடும்: டைரக்டரி பட்டியல், எடிட்டரில் திறந்திருந்த சோர்ஸ் கோட், வேறொரு விளையாட்டின் படத்துண்டு. உளுந்து கட்டிய சாக்கை உதறாமல் அரிசி கட்டினால் நாலு உளுந்து சேர்ந்து வரத்தானே செய்யும்!

நீங்கள் கடைசிப் பகுதியை மட்டும் பார்த்திருக்கிறீர்கள். கேம்பாய் ரோமை 16 கிலோபைட் பேங்க்குகளாகப் பிரித்துத்தான் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு பேங்க்கின் வாலிலும் இடம் மிஞ்சலாம். ஹெக்ஸில் 4000, 8000 என்று ஒவ்வொரு பேங்க் எல்லைக்கும் சற்று முன்னால் போய்ப் பாருங்கள். எழுத்தாகப் படிக்க முடியாததை, பைட்டுகளைப் படமாகக் காட்டும் டைல் வியூவரில் போடுங்கள். 16 பைட்டுக்கு ஒரு 8க்கு 8 கட்டம். கைவிட்ட பழைய படங்கள் சில சமயம் அங்கேதான் முளைக்கும். ஜப்பானியத் தயாரிப்பு என்றால் எடிட்டரை ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானிய எழுத்துக் குறியீட்டுக்கு மாற்றிப் பாருங்கள், குப்பையாகத் தெரிந்தது குறிப்பாக மாறலாம்.

எனக்குப் பிடித்த சோதனை செக்சம். ஹெக்ஸ் முகவரி 14இ, 14எஃப் இரண்டிலும் ஒரு கூட்டுத்தொகை இருக்கும். அந்த இரண்டு பைட் நீங்கலாக ரோமின் எல்லா பைட்டுகளையும் கூட்டி, கடைசி 16 பிட்டை மட்டும் வைத்திருப்பார்கள். கேம்பாய் இதைச் சரிபார்ப்பதே இல்லை, ஆனால் நமக்கு நல்ல சாட்சி. மிச்சத்தையும் சேர்த்துக் கூட்டினால் தொகை பொருந்துகிறதா? அப்படியானால் சிப்புக்கான மூலப் பிரதி (மாஸ்டர்) தயாரான அன்றே அது உள்ளே இருந்திருக்கிறது. பொருந்தாவிட்டால் போலிக் கேசட்டாக இருக்கலாம். 90களில் வாங்கியவற்றில் போலியும் கலந்திருக்கும். உள்ளே போர்டில் நின்டெண்டோ பெயர் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்; திறக்க 3.8 மி.மீ. கேம்பிட் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். அசல் ரோம்களின் விவரங்களைத் தொகுக்கும் நோ-இன்ட்ரோ பட்டியலில் அந்த விளையாட்டுக்குரிய எஸ்ஹெச்ஏ-1 உங்களுடையதோடு ஒத்துப்போனால் சந்தேகமே வேண்டாம்.

அழிப்பதைப் பற்றி: கேசட்டில் அழிக்க முடியாது, ஃபைலில் அழிக்கக் கூடாது. ஒரு பைட் மாறினாலும் எஸ்ஹெச்ஏ-1 மாறிவிடும், அப்புறம் எதனோடும் ஒப்பிட முடியாது. ஆராய வேண்டுமென்றால் நகல் எடுத்து, எமுலேட்டரின் (கம்ப்யூட்டரில் கேம்பாயைப் போல இயங்கும் மென்பொருள்) டீபக்கரில், அந்தப் பகுதியைப் படித்தவுடன் ஆட்டத்தை நிறுத்தும் பிரேக்பாயின்ட் வையுங்கள். ஆட்டம் முழுக்க ஓடியும் எங்கும் நிற்கவில்லை என்றால்தான் அதை மிச்சம் என்று சொல்லலாம். இரண்டு லெவல் ஆடிவிட்டு முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. கடைசிக் காட்சியின் இசை குப்பைப் பட்டியலில் சேர்வது அப்படித்தான்.

விலை கூடாது. அதே பதிப்பின் ஒவ்வொரு கேசட்டிலும் இதே எழுத்துகள்தான் இருக்கும். மாமாவின் மற்ற கேசட்டுகளில் ஏதாவது ஒன்றின் சிப்பில் வட்டமான கண்ணாடி ஜன்னல் இருந்தால் மட்டும் அதன்மேல் வெயில் படாமல் மூடி வையுங்கள். அது ஈபிராம், ஒளியால் அழித்துத் திரும்ப எழுதும் சிப். சோதனைப் பதிப்பாகவும் இருக்கலாம். அதற்கு விலையே வேறு.