பிரிட்டனின் பழைய லாரி டிரைவர்கள் அடிக்கடி நினைவுகூரும் 'டிரான்ஸ்போர்ட் கஃபே', 'டிக்ஸ்' எனப்பட்ட இரவுத் தங்கல் இரண்டும் உண்மையில் எப்படி இயங்கின? ஏன் மறைந்தன?

சாலையோரச் சாப்பாட்டுக் கடை, அதன் மாடியில் நாலு கட்டில் என்று நினைத்துவிட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும். 1930களிலிருந்து 1960கள் வரை பிரிட்டனில் சரக்குப் போக்குவரத்து ஓடியதே இந்த இடங்களை நம்பித்தான். சட்டம், வேகம், லாரியின் கேபின் ஆகிய மூன்றும் சேர்ந்து டிரைவரை ஒவ்வொரு ராத்திரியும் ஏதோ ஒரு கட்டிலுக்கு அனுப்பின.

முதலில் சட்டம். 1930ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி ஒரு டிரைவர் தொடர்ந்து ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. 24 மணி நேரத்தில் மொத்தம் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். இடையில் 10 மணி நேரம் தொடர்ச்சியாக ஓய்வு எடுக்க வேண்டும். அடுத்தது வேகம். சரக்கு ஏற்றாத நிலையிலேயே 3 டன்னுக்கு மேல் எடையுள்ள லாரிக்கு 1957 வரை மணிக்கு 20 மைல்தான் உச்சவேகம். அதாவது 32 கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், ஒரு நாளில் 220 மைல். அதுவும் வழியில் ஊரே குறுக்கிடாமல், ஏற்றமே வராமல் ஓடினால்தான். லண்டனிலிருந்து கிளாஸ்கோ சுமார் 400 மைல். போகும் வழியிலேயே ஒரு இரவாவது தங்காமல் சட்டப்படி போய்ச் சேர முடியாது. பலர் வேகத்தை மீறினார்கள் என்பது உண்மை. ஆனால் எட்டுச் சக்கர லாரியில் 22 டன் மொத்த எடையை 112 குதிரைத்திறன் கார்ட்னர் இன்ஜின் இழுத்த காலத்தில் எவ்வளவுதான் மீற முடியும்?

மூன்றாவதுதான் நம் ஊர் ஆட்களுக்குப் புரிய வேண்டியது. நாமக்கல்லில் கட்டும் லாரி கேபினில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் படுக்கப் பலகை இருக்கும். அன்றைய பிரிட்டிஷ் லாரிகளான ஃபோடன், இஆர்எஃப், அட்கின்சன், லேலண்ட் ஆக்டோபஸ் ஆகியவற்றின் கேபின்களில் அதற்கு இடமே கிடையாது. இரண்டு சீட், நடுவில் இன்ஜினை மூடிய பெட்டி, முதுகுக்குப் பின்னால் உடனே கேபின் சுவர். ஹீட்டரும் பெரும்பாலும் இருக்காது. ஜனவரி ராத்திரியில் அதற்குள் படுத்தால் விடிவதற்குள் விறைத்துப்போவான்.

கஃபேக்கள் அமைந்த இடத்தைப் பார்த்தாலே இந்தக் கணக்கு தெரியும். பெரிய ஏற்றத்தின் அடிவாரம், பெரிய ஊருக்குள் நுழையும் முன், இரண்டு நெடுஞ்சாலைகள் கூடும் இடம். வடக்கே போகும் ஏ6 சாலையில், கெண்டலுக்கு அப்பால் ஷாப் மலையேற்றம் வரும். உச்சி கிட்டத்தட்ட 1,400 அடி. அதன் அடிவாரத்தில் இருந்த 'ஜங்கிள் கஃபே' பெயரைச் சொன்னாலே அந்தத் தலைமுறை டிரைவர்களின் முகம் மாறும். ஏறுமுன் ரேடியேட்டருக்குத் தண்ணீர், வயிற்றுக்குச் சாப்பாடு, மேலே பனி எப்படி என்று எதிரே இறங்கி வந்தவரிடம் ஒரு விசாரிப்பு, எல்லாம் அங்கேதான். இறங்கி வருகிறவருக்கு பிரேக் டிரம் ஆறும் வரை உட்கார இடம். லண்டனில் நார்த் சர்க்குலர் சாலையில் 1938இல் திறந்த ஏஸ் கஃபேயும் முதலில் லாரிக்காரர்களுக்கான கடைதான். போரில் குண்டு விழுந்து, 1949இல் திரும்பக் கட்டப்பட்டது. மோட்டார் சைக்கிள் இளைஞர்களால் அது புகழ்பெற்றதெல்லாம் பிறகு நடந்த கதை.

சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாரும் முட்டை, பேக்கன், சாசேஜ், பொரித்த ரொட்டி என்று காலைச் சாப்பாட்டையே சொல்வார்கள். கடையின் திறமை தெரிந்தது ராத்திரிச் சாப்பாட்டில். லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மூடுபனி விழுந்தால் ஆறு மணிக்கு வர வேண்டியவர் பத்து மணிக்கு வருவார். அதனால் காத்திருந்தாலும் கெடாத பண்டங்களையே சமைத்தார்கள். மாட்டிறைச்சியும் சிறுநீரகமும் வைத்து, மாட்டுக் கொழுப்பு சேர்த்துப் பிசைந்த மாவால் மூடி, மூன்று நான்கு மணி நேரம் ஆவியில் வேகவிடும் புட்டிங் அதில் தலையாயது. ஆவிப் பாத்திரத்திலேயே விட்டால் இன்னும் இரண்டு மணி நேரம் போனாலும் காயாது. ஸ்டூ, ஈரலும் வெங்காயமும், பிசைந்த உருளைக்கிழங்கு, ஜாம் சுருட்டி வேகவைத்த இனிப்பு, மேலே ஊற்றச் சூடான கஸ்டர்ட் எல்லாம் அதே வகை. முட்டையை மட்டும் ஆள் வந்து உட்கார்ந்த பிறகே உடைப்பார்கள். பொரித்து எடுத்து வைத்த முட்டை பத்து நிமிடத்தில் ரப்பராகிவிடும். அப்படி வைத்துப் பரிமாறிய கடைக்கு டிரைவர்கள் திரும்பப் போவதில்லை.

டீ அரை லிட்டருக்கு மேல் பிடிக்கும் பைண்ட் குவளையில் வரும். நல்ல கடையில் பெரிய எனாமல் கெண்டியில் கெட்டியாக டிகாக்‌ஷன் இறக்கி, கொதிநீரைத் தனியாகச் சேர்த்து, கடைசியில் பால் விடுவார்கள். சோம்பேறிக் கடையில் டீ, பால், சர்க்கரை மூன்றையும் ஒரே பாய்லரில் கலந்து நாள் முழுக்கச் சூட்டிலேயே வைத்திருப்பார்கள். இலை மேலும் மேலும் ஊறி நாக்கைப் பிடிக்கும் கசப்பு ஏறும், மேலே ஆடை படியும். சர்க்கரைக் கிண்ணத்து ஸ்பூன் சங்கிலியில் கட்டியிருந்தது என்று பலர் சொல்வது மிகையில்லை, ஸ்பூன் அடிக்கடி காணாமல் போகும். இன்னொன்றையும் மறக்கக்கூடாது. இறைச்சி ரேஷன் 1954 ஜூலை வரை இருந்தது. அதற்கு முந்தைய 'தட்டு நிறைய பேக்கன்' நினைவுகளைக் கொஞ்சம் கவனமாகத்தான் கேட்க வேண்டும்.

இனி டிக்ஸ். இரண்டு வகை உண்டு. ஒன்று கஃபேயின் மாடியிலோ பின்கட்டிலோ இருந்த கூடம். மற்றது தொழிற்சாலை ஊர்களிலும் துறைமுக ஊர்களிலும் வரிசை வீடுகளில் ஒரு வீட்டுக்காரம்மா நடத்தியது. இரண்டாவதே பொதுவாக மேல் என்பது என் கருத்து. அங்கே ஒரே ஆள் எல்லாவற்றுக்கும் பொறுப்பு, அவர் பெயர் கெட்டால் வருமானம் போய்விடும். அறைக்கு நாலு முதல் ஆறு கட்டில். கணப்பு கீழ்க்கூடத்தில் மட்டும் எரியும், மாடியில் குளிர்தான். காசு முன்கூட்டியே ராத்திரியில் வாங்கிவிடுவார்கள், ஏனென்றால் விடியற்காலை நாலு மணிக்குப் புறப்படுகிறவரைப் பிடிக்க முடியாது. யாரை எத்தனை மணிக்கு எழுப்ப வேண்டும் என்பது சாக்பீஸால் ஒரு பலகையில் ஏறும். தவறான ஆளை இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டால் அறையில் சண்டை வரும். அதனால் கெட்டிக்கார வீட்டுக்காரம்மாக்கள் நேரத்தோடு கட்டில் எண்ணையும் எழுதினார்கள்.

மோசமான இடங்களில் இரவு லாரி ஓட்டுகிறவர் பகலில் தூங்கி எழுந்த கட்டிலில், அதே விரிப்பில், பகல் டிரைவர் ராத்திரி படுப்பார். ஈர விரிப்பு இன்னொரு தொல்லை. குளிர்காலத்தில் துணி காயாது, அரை ஈரத்தோடேயே விரித்துவிடுவார்கள். சிறிய கண்ணாடி ஒன்றை விரிப்புகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் வைத்து எடுத்தால், கண்ணாடி மங்கியிருந்தால் ஈரம். அப்போது விரிப்பை உருவிவிட்டு வெறும் கம்பளிக்குள் படுப்பதே நல்லது. பர்ஸ் உள்ள கால்சட்டை மெத்தைக்கு அடியில், பூட்ஸ் கட்டில் காலுக்கு அடியில். திருட்டுக்கு எதிரான ஏற்பாடு அவ்வளவுதான்.

பணத்தைத் தொடாமல் இந்தக் கதை முழுதாகாது. வெளியூரில் தங்கும் இரவுக்கு டிரைவருக்குத் தனிப் பேட்டா உண்டு. 1938இல் வந்த சாலைச் சரக்குக் கூலிச் சட்டத்துக்குப் பிறகு கூலியோடு இதுவும் முறைப்படுத்தப்பட்டது. டிக்ஸில் தங்காமல் கேபினிலேயே ராத்திரியைக் கழித்தால் அந்தப் பேட்டா கைக்கு மிச்சம். இரண்டு சீட்டுக்கும் நடுவே இன்ஜின் பெட்டிமேல் ஒரு பலகை, அதன்மேல் மடித்த தார்ப்பாய், சாக்கு. பிள்ளைகுட்டிக்காரர்கள் பலர் இப்படித்தான் சேமித்தார்கள், இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஆபத்து நிஜமானது. குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு மண்ணெண்ணெய் அடுப்பை உள்ளே எரியவிட்டாலோ, ஓட்டைப் புகைக்குழாயோடு பெட்ரோல் இன்ஜினை ஓடவிட்டாலோ, கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளைக் கொன்றுவிடும்.

ஆள் படுத்த பிறகு லாரியின் பாடு இருக்கிறது. நிறுத்துமிடம் பெரும்பாலும் நிலக்கரிச் சாம்பல் கொட்டிய மைதானம், மழையில் சேறாகும். விடியலில் முதலில் போகிறவர் வாசலோரம் நிற்க வேண்டும். உறைதடுப்பு திரவம் பரவலாவதற்கு முன், பனி ராத்திரியில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் படுக்கப் போக முடியும். ரேடியேட்டரின் அடியில் ஒரு குழாய், சிலிண்டர் பிளாக்கில் இன்னொன்று, இரண்டையும் திறக்க வேண்டும். பலர் முதலாவதை மட்டும் திறந்தார்கள். பிளாக்கில் தேங்கிய தண்ணீர் உறைந்து விரிந்து இரும்பையே பிளந்துவிடும். துருவும் வண்டலும் குழாய் வாயை அடைத்தால் தண்ணீர் சொட்டி நின்றுவிடும், எல்லாம் வடிந்ததுபோலத் தோன்றும். கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தவர் தப்பித்தார். காலையில் கஃபே அடுப்பில் காய்ந்த வெந்நீரை வாளியில் வாங்கி ஊற்றினால் இன்ஜினும் சீக்கிரம் கிளம்பும். அந்த வெந்நீரைக் காசு கேட்காமல் கொடுத்த கடைகளின் பெயர் ஐம்பது வருடம் கழித்தும் நினைவில் நிற்பதில் ஆச்சரியம் இல்லை. 1962 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1963 மார்ச் வரை நீண்ட பெருங்குளிரில் டீசலிலுள்ள மெழுகே உறைந்து ஃபில்டரை அடைத்தது. மண்ணெண்ணெய் கலந்தார்கள், இன்ஜினை ராத்திரி முழுக்க அணைக்காமல் விட்டார்கள், டாங்குக்கு அடியில் டீசலில் நனைத்த துணியைக் கொளுத்தியவர்களும் உண்டு.

கயிறும் அப்படித்தான். அன்றைய கயிறு சணல், கற்றாழை நார் வகை. நனைந்தால் சுருங்கி இறுகும், காய்ந்தால் தொளதொளக்கும். ராத்திரி மழையில் கட்டு கல்லாக இருக்கும். காலை வெயிலும் காற்றும் பட்டு இருபது மைல் போனதும் தளர்ந்து லோடு நகரும். அதனால் டிக்ஸிலிருந்து கிளம்பும்போது ஒருமுறை, முதல் டீக்கு நிறுத்தும்போது மறுமுறை கயிற்றை இழுத்துக் கட்டுவது ஒழுங்கு.

கஃபேக்கு வேறு இரண்டு வேலைகளும் இருந்தன. எதிரெதிர் ஊர்களிலிருந்து இரவில் கிளம்பிய இரண்டு டிரைவர்கள் நடுவழிக் கஃபேயில் சந்தித்து லாரியை மாற்றிக்கொண்டு அவரவர் ஊருக்கே திரும்புவார்கள். சரக்கு போய்ச் சேரும், ஆளும் விடியலில் வீட்டில் இருப்பார். ஒருவர் தாமதித்தால் மற்றவரின் 11 மணி நேரக் கணக்கும் கெடும். மற்றது ரிட்டர்ன் லோடு. நம் லாரி புக்கிங் ஆபீஸைப் போன்ற 'கிளியரிங் ஹவுஸ்' கமிஷனுக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கும். அதற்குக் கஃபேயின் தொலைபேசிதான் வழி. காசைப் போட்டு, எதிர்முனை எடுத்ததும் 'ஏ' பொத்தானை அழுத்த வேண்டும். யாரும் எடுக்காவிட்டால் 'பி'யை அழுத்திக் காசைத் திரும்ப எடுக்கலாம்.

மறைந்தது எப்படி என்றால், அந்த மூன்று காரணங்களில் வேகமும் கேபினும் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1957இல் வேகம் 30 மைலானது. 1959 நவம்பர் 2 அன்று எம்1 மோட்டார்வே என்ற அதிவேக நெடுஞ்சாலை திறந்தது, அன்றே வாட்ஃபோர்ட் கேப்பில் சாப்பாட்டு நிறுத்தமும் வந்தது. 1970இல் எம்6 மோட்டார்வே ஷாப் மலையைத் தாண்டியதும் ஏ6இன் கஃபேக்கள் வெறிச்சோடின. அதே 1970களில் வோல்வோ எஃப்88, ஸ்கானியா போன்ற ஸ்வீடன் லாரிகள் படுக்கையும் நல்ல ஹீட்டரும் உள்ள கேபினோடு பரவின. முதலாளிக்கு டிக்ஸ் செலவு மிச்சம், டிரைவருக்குச் சொந்தப் படுக்கை. வீட்டுக்காரம்மாக்கள் போட்டியிட முடியாத இடம் அதுதான்.

பழைய டிரைவர்களிடம் பேசி இந்த நினைவுகளைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அவர்கள் சொல்லும் ஆண்டு பெரும்பாலும் முன்பின்னாக இருக்கும், பொருள்களைக் கேட்டால் காலம் பிடிபடும். 20 மைல் வேகத்தைப் பற்றிப் புலம்பினால் 1957க்கு முன். படுக்கைக்குக் கொடுத்த காசை ஷில்லிங்கில் சொன்னால், பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறிய 1971 பிப்ரவரிக்கு முன். ஓட்டிய நேரத்தைக் கையால் தாளில் எழுதியதாகச் சொன்னால், ஓட்டும் நேரத்தைத் தானே பதிவு செய்யும் டாக்கோகிராஃப் கருவி 1981 இறுதிக்குள் கட்டாயமாவதற்கு முந்தையது. ஷாப் வழியாக ராத்திரி லோடு ஏற்றிப் போனேன் என்றால் எம்6 வருவதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். அந்த ஏ6 உச்சியில் டிரைவர்களுக்கும், பனியில் சிக்கியவர்களுக்கு உணவும் இடமும் தந்த உள்ளூர் மக்களுக்கும் ஒரு நினைவுக்கல் இருக்கிறது, கெண்டலிலிருந்து பென்ரித் போகும்போது நிறுத்திப் பார்க்கலாம். லண்டனில் ஏஸ் கஃபே 1969இல் மூடி, 2001இல் அதே கட்டடத்தில் மறுபடி முழுமையாகத் திறந்தது.