வேதிவினையின் வேகம் எதைப் பொறுத்தது?

குறிப்பிட்ட நேரத்தில் எவ்வளவு பொருள் வேறொன்றாக மாறுகிறது என்பதுதான் வினைவேகம். மூலக்கூறுகள் மோதினால்தான் வினை நடக்கும், அதுவும் சும்மா உரசிப் போனால் போதாது, பழைய பிணைப்பு உடைகிற அளவுக்குப் பலமாக, சரியான கோணத்தில் மோத வேண்டும்.

செறிவைக் கூட்டினால், அதாவது அதே இடத்தில் அதிக மூலக்கூறுகளை அடைத்தால், நெரிசலான பேருந்து மாதிரி, இடிபடுவது அதிகமாகும். மரக்கட்டையைவிட மரத்தூள் சட்டென்று பற்றுவது பரப்பு கூடுவதால். வெப்பம்தான் சுவாரசியம்: அறை வெப்பநிலையில் 10 டிகிரி செல்சியஸ் ஏற்றினால் பல வினைகள் ஏறக்குறைய இரு மடங்கு வேகமாகும், ஆனால் வாயுக்களில் மோதல்களின் எண்ணிக்கை கூடுவதோ சுமார் 2 சதவீதம்தான், மீதியெல்லாம் போதிய பலத்தோடு மோதும் மூலக்கூறுகள் பெருகுவதால் வருவது. அப்புறம் வினையூக்கி, அதாவது தான் தீர்ந்துபோகாமல் வினையை வேகப்படுத்தும் பொருள்; வினைக்குத் தேவையான ஆற்றலை ஒரு மலை என்று வைத்துக்கொண்டால், அது மலையேறாமல் கடக்க உதவும் சுரங்கப்பாதை.

வினையூக்கி போட்டால் விளைபொருள் கூடுதலாகக் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அதே சமநிலையை, அதாவது முன்வினையும் பின்வினையும் ஒரே வேகத்தில் நடக்கும் நிலையை, சீக்கிரம் எட்டுவோம், அவ்வளவுதான்.