ஏஐ கோர்ஸுக்காக நகையை அடகு வைக்க வேண்டாம்

திருச்சியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். மகள் சென்னையில் ஆறு வருடமாக ஆரக்கிள் டிபிஏ, அதாவது ஆரக்கிள் என்ற டேட்டாபேஸைப் பராமரிப்பவர். அவசர அழைப்புக்குக் காத்திருக்கும் ஆன்கால் வாரத்தில் நடுராத்திரி போன் வந்தாலும் லேப்டாப்பைத் திறந்தாக வேண்டும். உடம்பு கெடுகிறது, வரன் பார்ப்பதும் தள்ளிப்போகிறது. பெங்களூரில் இருக்கும் அண்ணன் மகனோ, "டிபிஏ வேலைக்கு இனி மவுசு இல்லை, ஏஐ கோர்ஸில் சேர்த்துவிடுங்கள்" என்கிறாராம். கட்டணம் நான்கு லட்சம். நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் அம்மா. கவலை நியாயம்தான், வைத்தியம் தப்பு. கோர்ஸ் முடித்தால் அந்தத் துறையில் அவர் புதுமுகம்; ஆறு வருட அனுபவம் அங்கே செல்லாது, வட்டி மட்டும் ஓடும்.

மெயிலின் அடியில் உங்கள் மகள் சேர்த்திருக்கும் இரண்டு வரியை நீங்கள் கவனித்தீர்களா? பேக்கப்பும் பேட்ச்சும் அலுத்துவிட்டன, ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளை) ஏன் மெதுவாக ஓடுகிறது என்று தோண்டுவதுதான் பிடிக்கிறது என்கிறார். அதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது: டெவலப்மென்ட் டிபிஏ. சில நிறுவனங்களில் டேட்டாபேஸ் டெவலப்பர் என்பார்கள். உறவினர் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள், பரவாயில்லை.

ஓர் உதாரணம். வாடிக்கையாளர் டேபிளில் மொபைல் எண், எண்ணாக அல்லாமல் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது; சட்டென்று தேடித் தரும் இண்டெக்ஸும் உண்டு. டெவலப்பர் குவெரியில் எண்ணை மேற்கோள்குறி இல்லாமல் எழுதிவிடுகிறார். உடனே ஆரக்கிள் ஒவ்வொரு வரிசையின் மதிப்பையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். இண்டெக்ஸ் சும்மா கிடக்க, டேபிள் முழுவதையும் படிக்கும். டெஸ்ட் சர்வரில் ஆயிரம் வரிசைதான், யாருக்கும் உறைக்காது. புரொடக்‌ஷனில், அதாவது நிஜ சர்வரில், கோடி வரிசை. ராத்திரி இரண்டு மணிக்கு போன். இதையே ரிலீஸுக்கு முன்பே எக்ஸிக்யூஷன் பிளானில் (குவெரி எப்படி ஓடும் என்று காட்டும் திட்டம்) பிடித்து நிறுத்துபவர்தான் டெவலப்மென்ட் டிபிஏ. டேபிள் வடிவமைப்பு, பிஎல்/எஸ்க்யூஎல் (ஆரக்கிளுக்குள் ஓடும் புரோகிராம் மொழி) கோடு, மாற்றங்களுக்கான ஸ்கிரிப்ட் எல்லாம் அவர் கண்ணில் பட்டுத்தான் வெளியே போகும். எது எங்கே உடையும் என்று புரொடக்‌ஷனில் அடிபட்டவருக்குத் தெரியும்.

குறை ஒன்று உண்டு. டிபிஏக்கள் எழுதுவது பெரும்பாலும் ஷெல் ஸ்கிரிப்ட்; இன்டர்வியூவில் கோடு கேட்பார்கள். எனவே பிஎல்/எஸ்க்யூஎல் பேக்கேஜ் எழுதிப் பழகட்டும். கோடின் மாற்றங்களைப் பதிவு செய்யும் 'கிட்', டேபிள் மாற்றங்களை வரிசையாகச் செலுத்தும் லிக்விபேஸ் அல்லது ஃப்ளைவே ஆகியவற்றையும் கற்கட்டும். போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் இலவசம், லேப்டாப்பிலேயே போட்டுக்கொள்ளலாம். அதில் சாதாரணமாக இண்டெக்ஸ் உருவாக்கினால் முடியும்வரை அந்த டேபிளில் எதையும் எழுத முடியாது. 'கன்கரன்ட்லி' சேர்த்தால் நேரம் கூடும், ஆனால் வேலை நிற்காது. இப்படி ஒன்றைத் தானே செய்து பார்த்துச் சொன்னால், இன்டர்வியூ எடுப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

முதலில் தன் நிறுவனத்திலேயே டெவலப்மென்ட் டீமுக்கு மாற்றம் கேட்கட்டும். கிடைக்காவிட்டால் வெளியே தேடலாம். கையில் ஆஃபர் வராமல் ராஜினாமா கூடாது. பல நிறுவனங்களில் நோட்டீஸ் பீரியட் 90 நாள், அதையும் கணக்கில் வையுங்கள்.

ஷிஃப்ட் அலவன்ஸ் போய்விடும், கையில் வருவது கொஞ்சம் குறையலாம். அப்புறம், பெரிய ரிலீஸ் நாட்களில் இரவில் உட்காரத்தான் வேண்டியிருக்கும். அதனால் வரன் வீட்டாரிடம் "இனி ராத்திரி வேலையே கிடையாது" என்று மட்டும் சொல்லிவைக்காதீர்கள்.