ஜூலியன் பாண்டும் ஒரு மாநில இருக்கையும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பின அரசியல் குறித்த தங்கள் கட்டுரையில் சமவுரிமைப் போராளி ஜூலியன் பாண்டுக்கு நிறைய இடம் ஒதுக்கியிருந்தீர்கள். 1968இலேயே துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு முன்மொழியப்பட்டவர், அதன்பின் ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்திலேயே இருந்துவிட்டு, காங்கிரஸுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு) போட்டியிட்டுத் தோற்றும் போனார். இதைத் தேங்கிப்போன அரசியல் வாழ்க்கை என்றுதானே சொல்லவேண்டும்?

கே., மதுரை

அன்புள்ள கே.,

வாஷிங்டனை உச்சியாக வைத்து அளந்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் பாண்ட் தம் மாநில இருக்கையில் அமர்வதற்கே உச்ச நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

1965இல் அட்லாண்டா நகரத் தொகுதி ஒன்றிலிருந்து ஜார்ஜியா கீழவைக்குத் தேர்வான அவர், 1966 ஜனவரி 10 அன்று பதவியேற்க வந்தபோது 26 வயது நிறைய நான்கு நாட்கள் இருந்தன. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், அவர் பணியாற்றிவந்த, கறுப்பின மக்களின் சமவுரிமைக்காகப் போராடிய மாணவர் வன்முறையற்ற ஒருங்கிணைப்புக் குழு வியட்நாம் போரைக் கண்டித்தும், கட்டாய ராணுவச் சேவைக்குப் போக மறுப்பவர்களை ஆதரித்தும் ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. அதை பாண்ட் எழுதவில்லை. தமக்கும் அதில் உடன்பாடு உண்டென்று செய்தியாளரிடம் சொன்னார், அவ்வளவுதான். அவைச் செயலர் அவருக்கு உறுதிமொழி செய்துவைக்க மறுத்தார். அன்றே 184க்கு 12 என்ற வாக்கு வித்தியாசத்தில் அவருக்கு இருக்கை மறுக்கப்பட்டது. இடைத்தேர்தலில் மக்கள் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள், அவை மறுபடியும் கதவடைத்தது. நவம்பர் பொதுத்தேர்தலிலும் அவரே வென்றார்.

பாண்ட் உச்ச நீதிமன்றம்வரை கொண்டுபோன வழக்கில் ஜார்ஜியா முன்வைத்த வாதம் சாமர்த்தியமானது. சாதாரணக் குடிமகன் இப்படிப் பேசலாம். அரசியலமைப்பைக் காப்பதாக உறுதிமொழி எடுக்கும் உறுப்பினரை அதைவிடக் கடுமையாகச் சோதிக்க அவைக்கு உரிமை உண்டு என்றார்கள். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் இந்த வாதத்தைத் தலைகீழாகத் திருப்பினார். சர்ச்சைக்குரிய கேள்விகளில் தம் நிலைப்பாட்டைத் தொகுதி மக்களுக்குத் தெரியப்படுத்துவது பிரதிநிதியின் கடமை என்பதால், கொள்கை பற்றிப் பேச அவருக்கு மிகப் பரந்த இடம் தரவேண்டும் என்று டிசம்பர் 5 அன்று நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1967 ஜனவரியில் பாண்ட் உள்ளே போனார்.

1968 சிகாகோ ஜனநாயகக் கட்சி மாநாட்டில் துணைக் குடியரசுத் தலைவர் பதவிக்கு வந்த முன்மொழிவைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பதவிக்கு 35 வயது ஆகியிருக்கவேண்டும். 28 வயதில் பெயரைத் திரும்பப் பெறுவதைத் தவிர அவருக்கு வழியில்லை.

ஜார்ஜியா சட்டமன்றம் ஆண்டுக்கு 40 அமர்வு நாட்களே கூடுகிறது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்கு வேறு தொழில் பார்ப்பவர்கள். ஆனால் வாஷிங்டனுக்கு யார் போகமுடியும் என்பதைப் பெருமளவு முடிவுசெய்யும் காங்கிரஸ் தொகுதி எல்லைகளை வரைவது அந்த அவைதான். 1975 முதல் மாநில மேலவையில் இருந்த பாண்ட், 1981இல் எல்லைகள் மறுபடி வரையப்பட்டபோது, அட்லாண்டாவின் கறுப்பின மக்களைப் பிரித்துப்போடாமல் ஐந்தாம் தொகுதியில் தெளிவான பெரும்பான்மையாக வைக்கவேண்டும் என்று போராடினார். கீழவை இணங்கவில்லை. மாநிலம் வரைந்த எல்லையில் இனப்பாகுபாட்டு நோக்கம் இருப்பதாக 1982இல் கூட்டாட்சி நீதிமன்றம் கண்டதால், அதைத் திருத்தி வரையவேண்டியதாயிற்று. அவருடைய சட்டமன்ற வாழ்வில் என் கணக்குக்கு இதுவே பெரிய காரியம்.

1986இல் அந்தத் தொகுதியில்தான் அவர் தோற்றார். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலின் முதல் சுற்றில் 47 சதவீதம் பெற்று முந்தியவர், பெரும்பான்மை கிட்டாததால் நடந்த இரண்டாம் சுற்றில், மாணவர் குழுக் காலத்துப் பழைய தோழர் ஜான் லூயிஸிடம் சுமார் 52க்கு 48 என்ற கணக்கில் வீழ்ந்தார். லூயிஸ் தம்மை உழைக்கும் இழுவைப் படகென்றும் பாண்டை வெறும் பகட்டான அலங்காரப் படகென்றும் சொல்லி வாக்குக் கேட்டார். அந்தக் கேலி பலித்ததற்கு பாண்டும் ஒரு காரணம். நாடெங்கும் மேடைகளில் அவர் பேசிய அளவுக்கு அட்லாண்டாவில் வீடு வீடாக ஏறி இறங்கவில்லை என்ற குறையை அவரால் கடைசிவரை போக்கமுடியவில்லை.