நவம்பரில் அப்பாவை டெல்லிக்கு அழைக்கலாமா?

வணக்கம். அப்பாவுக்கு 70 வயது, பிரஷர், சுகர், போன வருஷம் ஒரு மினி ஸ்ட்ரோக். நவம்பரில் மதுரையிலிருந்து டெல்லிக்கு அழைத்து வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிந்தால் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள்.

டெல்லியின் நவம்பர் காற்று மாசு இருமலோடு போகிற விஷயம் இல்லை. புகையில் இருக்கும் பி.எம். 2.5 என்ற மிகச் சிறிய நுண்துகள் நுரையீரலோடு நிற்காமல் ரத்தக்குழாயின் உட்சுவரைக் கெடுக்கும், பிரஷரை ஏற்றும், ரத்தம் உறைவதையும் கூட்டும். அதே காற்றைத்தான் நீங்களும் சுவாசிக்கிறீர்கள். ஆனால் ஏற்கெனவே ஸ்ட்ரோக் வந்த உடம்பு தாங்கும் அளவு வேறு. ஒரு கன மீட்டர் காற்றில் இந்தத் துகளின் 24 மணி நேர சராசரி 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டு வரம்பு 60. டெல்லியில் மோசமான நவம்பர் நாட்களில் 200க்கு மேல் போகும்.

வந்தே ஆக வேண்டுமென்றால் விடிகாலை வாக்கிங் வேண்டவே வேண்டாம். குளிரில் புகை தரையோடு படிந்து கிடக்கும் நேரம் அது. என் மாமனார் பார்க்கில் நடந்துவிட்டு வந்து மூக்கைத் துடைத்தால் கைக்குட்டை கறுப்பாகிவிடும். மதியத்துக்கு மாற்றிய பிறகுதான் எனக்கு நிம்மதி. துணி மாஸ்க் போதாது, என்95 வேண்டும். படுக்கையறையில் கொசுவத்தி, ஊதுபத்தி கூடாது.

உங்கள் வாட்ச்மேன் ராத்திரி முழுக்கக் குப்பையை எரித்துக் குளிர் காய்கிறாரா? அவருக்கும் இதே ஆபத்துதான். குடியிருப்போர் சங்கத்தில் பேசி ஒரு ஹீட்டர் வாங்கிக் கொடுங்கள்.

வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு கை தளர்தல் தெரிந்தால் உடனே சி.டி. ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான். அந்த ஆஸ்பத்திரி எது என்று இன்றே பார்த்து வையுங்கள்.