ஏஆர்டி (எச்ஐவி) மாத்திரையோடு, சிகரெட்டை நிறுத்த உதவும் நிகோடின் கம் மெல்லலாமா?

தாராளமாக மெல்லலாம். நீங்கள் போடும் டிஎல்டி (மூன்று எச்ஐவி மருந்துகள் சேர்ந்த) மாத்திரைக்கும் நிகோடின் கம்முக்கும் சண்டை கிடையாது. கம் மெல்வதால் மூன்று நாளாக விக்கல், நெஞ்செரிச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள்; அதற்கு மாத்திரை மேல் பழி போட்டு ஒரு வேளையைக்கூட விட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலும் மெல்லும் விதம்தான் காரணம். பபிள்கம் மாதிரி விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய் எரிக்கும். நாக்கில் சுரீரென்று காரம் ஏறும் வரை மென்று கன்னத்தோரம் ஒதுக்குங்கள், அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், ஒரு கம் அரை மணி நேரம் தாங்கும். அல்சூர் டீக்கடையில் டீயைக் குடித்துக்கொண்டே மெல்வதாக எழுதியிருக்கிறீர்களே, அது வேண்டாம். டீக்குப் பிறகு 15 நிமிடமாவது பொறுங்கள், இல்லாவிட்டால் நிகோடின் வாயில் சரியாக ஏறாது (அந்தக் கடை வாசலில் நின்றாலே கை சிகரெட்டைத் தேடும், அது வேறு கதை).

இரண்டு நாள் இப்படிச் செய்து பாருங்கள். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட் என்றால் 2 மிகி போதாமல் இருக்கலாம், 4 மிகி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை: எரிச்சலுக்கு ஆன்டாசிட் குடித்தால் டிஎல்டியில் உள்ள டோலுடெக்ராவிர் மருந்து உடம்பில் சேருவது குறையும். மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துக் குடியுங்கள். முதலிலேயே குடித்துவிட்டால் மாத்திரைக்கு 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.